ராஜம்மாவின் நாடியைக் கால் நிமிடம்தான் எண்ணினேன்

ராஜம்மாவை மலைக்கு அனுப்பியவன் நான்தான். இதைச் சொல்லாமல் சாட்சி சொல்ல மாட்டேன். "கொணமானத மட்டும் சொல்லுங்க பிரதர், மத்தது எதுக்கு?" என்று சபை மூப்பர் தடுத்தார். தடுக்கட்டும்.

2005ஆம் ஆண்டு. இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நான். சுகமில்லாதவர்கள் காலையில் என்னிடம் சுகவீனத் துண்டுச்சீட்டு வாங்கினால்தான் அன்று வேலைக்குப் போகாமல் இருக்கலாம். வரிசை நீளமாக இருக்கும். அதனால் நாடியைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவேன். கொழுந்து பறிக்கும் ராஜம்மா அந்த ஐப்பசியில் மூன்று முறை வந்தாள்.

"நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்குங்க ஐயா."

"மேடு ஏறி வந்தா அப்பிடித்தான். சாக்குச் சொல்லாம போ."

மூன்று முறையும் துண்டு கொடுக்கவில்லை. நான்காம் முறை அவள் வரவில்லை. மலையிலேயே கூடையோடு சரிந்தாள். ஓடிப் போய் முழு நிமிடம் நாடி பிடித்தேன். துடிப்பு ஓடியது, தடுக்கியது, நின்றது, மறுபடி ஓடியது. படித்தவன் நான். முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கொழும்புக்குக் கொண்டுபோனோம். மின் அதிர்ச்சி கொடுத்தால் துடிப்பு நேராகலாம் என்றார்கள். ஆனால் இதயத்துக்குள் இரத்தக்கட்டி இருந்தால், அது கிளம்பிப் போய் மூளையை அடைத்துவிடும். அதைப் பார்க்கத் தொண்டை வழியே குழாய் இறக்கி, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடித்தார்கள். கட்டி இருந்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, தை மாதம் மறுபடி பார்ப்போம் என்றார்கள்.

அந்த வாரங்களில் நான் கெஞ்சவில்லை, வழக்காடினேன். "ஆண்டவரே, குற்றம் என்னுடையது. தண்டனை அவளுக்கா? நீர் நீதியுள்ளவரானால் அந்தக் கட்டியைக் கரைத்துவிடும்."

ராஜம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். "நீங்க ஒங்க சாமிகிட்ட சண்ட போடுங்க. மாரியம்மாகிட்ட நான் போட்டுட்டேன்."

தையில் இரண்டாம் படம் எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். டாக்டர் வந்து, கட்டி இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அன்றே அதிர்ச்சி கொடுத்தார்கள். துடிப்பு நேரானது.

மாத்திரைதானே கரைத்தது என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆம், மாத்திரைதான். எல்லோருக்கும் கரைவதில்லை என்று அதே டாக்டர் சொன்னதையும் கேட்டேன். கரைந்ததைப் பதில் என்கிறேன். பின்வாங்க மாட்டேன்.

ஊர் திரும்பியதும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் எல்லோர் முன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாங்க ஐயா. மொதல்ல வரிசையில நிக்கிறவங்க கைய முழுசாப் புடிச்சுப் பாருங்க" என்றாள்.

ஓய்வு பெறும்வரை அப்படியே பார்த்தேன். வேலைக்கு ஆள் பிந்துகிறது என்று தோட்டத்து மேலாளரான துரை கத்தினார். நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

குற்றத்தை மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்களே, முதலில் அதை வாய்திறந்து சொல்லுங்கள். பிறகு துணிந்து கேளுங்கள். அவர் செவிகொடுப்பார். ராஜம்மா இன்றுவரை என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள். அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.