மேரிக்கா போட்ட ஒற்று

இல்லை, நோய் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பூசைக்குக் கிளம்பிப் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவர், குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவருடைய தம்பி ஆரோக்கியம் அழைத்தபோது நான் கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். "மேடம், ஒரு சேதி" என்றார். அவர் மலையடிவாரத்துக்காரர். அங்கே அது சாதாரணச் சொல். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். பல ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அதன் பொருள் தெரியாமல் கேட்டேன். தெரிய வைத்தவர் மேரிக்கா. அவரைப் பற்றிச் சொல்லத்தான் ஆரோக்கியம் அழைத்திருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகழ்ந்து எழுதுவது எளிது. அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சேர்ந்து செய்த ஆய்வு இப்போது புத்தகமாக அச்சுக்குப் போகிறது. அதில் மேரிக்காவைப் பற்றி ஒரு பாதி உண்மை இருந்தது. எழுதியவள் நான்.

*

அருள்மேரி. ஆலங்காயத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சந்தில் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சிச் சுவரொட்டி, பங்குக் கோவிலின் மாத மடல், கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஆய்வுக் குழுவில் இருந்த உங்களில் பலர் அவரை ஒரு குரலாக மட்டுமே அறிவீர்கள். பதிவுகளில் கேள்வி கேட்கும் குரல். சற்றுக் கரகரப்பு. அடக்கிய சிரிப்பு.

ஜவ்வாது மலை ஊர்களில் செய்தி எப்படிப் பயணிக்கிறது என்பது என் ஆய்வு. கேள்வித்தாள் நான் உருவாக்கியது அல்ல. வேறொரு தேசத்தில், வேறொரு மொழியில் தயாரானது. பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுவது திட்டம். நான் அதைத் தமிழில் பெயர்த்தேன். பெயர்த்ததை அச்செடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

அவர் பக்கத்தைச் சீர்செய்துகொண்டே படித்தார். படித்துக்கொண்டே சிரித்தார்.

"இத்த எடுத்துக்கினா மேடம் மலைக்குப் போறீங்க? பேங்க்ல லோன் கேட்டாக்கூட இவ்ளோ கேள்வி கேக்கமாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மலையிலிருந்து பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாரையும் தனக்குத் தெரியும் என்றும், நான் தனியாகப் போய் நின்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். அடுத்த வாரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னோடு பேருந்து ஏறினார். ஜன்னலோர இருக்கையை எனக்குக் கொடுத்தார். வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குமட்டியது.

*

ஏழாவது கேள்வி இது: கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்குக் கிடைத்த செய்தி என்ன? அதை யார் சொன்னார்கள்?

நான் 'செய்தி' என்று எழுதியிருந்தேன். மேரிக்கா வாய்விட்டுக் கேட்கும்போது அது 'சேதி' ஆனது. இயல்பாக. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு ஊர்களில் கேட்டோம். ஊர்ப் பெயர்களைப் புத்தகத்தில் மறைத்திருக்கிறோம். இங்கும் விடுகிறேன். எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே விடை. ஒண்ணுமில்ல. அதற்கு முன் ஒரு சிறு நிறுத்தம். சாமை புடைத்துக்கொண்டிருந்த சின்னப்பாப்பா என்ற பெண் முறத்தைக் கீழே வைத்தார். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். நான் குறிப்பேட்டில் 'ஆர்வமின்மை' என்று எழுதினேன்.

ஊர் திரும்பி ஒரு கட்டுரை எழுதினேன். செய்தி எட்டாத மலை என்று தலைப்பு. கருத்தரங்கில் வாசித்தேன். நல்ல வரவேற்பு. என் வயதில் இப்படி ஒரு முடிவுக்கு வருவது அரிது என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அந்த வாக்கியத்தைப் பல நாள் மனதில் வைத்திருந்தேன்.

*

அஞ்சலிச் சுவரொட்டிகளில் அவர் காட்டிய கவனத்தைச் சொல்ல வேண்டும். ஒருமுறை கடையில் காத்திருந்தபோது பார்த்தேன். அச்சாகி வந்த ஒன்றில், இறந்தவருடைய ஊரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. எடுத்துப் போக வந்தவர்கள் பரவாயில்லை என்றார்கள். வண்டி காத்திருந்தது. மேரிக்கா எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி அடித்தார்.

அவர்கள் போன பிறகு, அவர்களே விட்டுவிட்டதை நீங்கள் ஏன் விடவில்லை என்று கேட்டேன்.

"கல்யாணப் பத்திரிகைல தப்புன்னா மாப்ள வூட்டுக்காரன் வந்து சண்ட போடுவான், மாத்திக் குடுத்துடலாம். இவரு வந்து கேப்பாராம்மா? நாமதான் பாத்துப் போடணும்."

*

பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தேன். பிற்பகல்களில், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வார். ஒருநாள் அழைத்தார்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்க்கா."

"அப்ப சொல்லலாம். நாம தப்பு பண்ணிட்டோம்."

சின்னப்பாப்பாவின் பதிவைத் தொலைபேசியிலேயே போட்டுக் காட்டினார். கேள்வி. நிறுத்தம். முறம் தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு, ஒண்ணுமில்ல. அதோடு நான் குறித்துக்கொள்வதை நிறுத்தியிருந்தேன். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ந்த குரலில் அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க.

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"அந்த ஊருங்கள்ல சேதின்னா சாவுதான் மேடம். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒருத்தர் வந்தாரு, அவர்கிட்ட கேட்டுட்டேன். அவங்க சேதி இல்லன்னு சொல்லல. யாரும் சாவலன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க."

அவரே தொடர்ந்தார். எழுதினது நீங்க சரியாத்தான் எழுதினீங்க, வாயில மாத்தினது நான்தான் என்றார்.

அது உண்மை இல்லை. செய்தி என்று சுத்தமாக உச்சரித்திருந்தாலும் அவர்கள் காதில் சேதிதான் விழுந்திருக்கும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவள் நான். வீடு வீடாகப் போய், இந்த வாரம் உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்க வைத்தவள் நான். இதை அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் தன்மேல் போட்டுக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது எழுதி வைக்கிறேன்.

*

மறுபடி மலைக்குப் போனோம். எந்தச் சொல்லால் கேட்பது? நியூஸ் என்றால் டிவியில் வந்ததைச் சொல்வார்கள் என்றார் மேரிக்கா. சமாச்சாரம் என்றால் யார் யாரோடு பழகுகிறார்கள் என்ற வம்பாகிவிடும். நான் 'விசேஷம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை நானே கேட்கிறேன் என்று முன்னால் போனேன்.

சின்னப்பாப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா விசேசம்னு என்னயா கேக்கற? பேரன் எடுத்தாச்சி எனக்கு. நீதான் சொல்லணும்."

மேரிக்கா பாறையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்பதுபோல ஒன்று கேட்டார். ஊர்ல இன்னா பேச்சு?

அன்று இருட்டும் முன் கடைசிப் பேருந்தைத் தவறவிடப் பார்த்தோம். அவ்வளவு இருந்தது. பேருந்து மேல் ஊர்வரை வராமல் திரும்பிவிடுவது. திருப்பூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் குரல் பதிவை வீடே கூடி உட்கார்ந்து கேட்பது, கேட்டதைப் பக்கத்து வீட்டுக்கும் போட்டுக் காட்டுவது. யார் ஸ்டேட்டஸில் யார் படம். சாமை வாங்க வருகிறவர் ஏன் வரவில்லை. செய்தி எட்டாத மலை.

இறங்கும்போது மேரிக்கா கட்டுரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஜன்னலோரம் எனக்கு.

*

புத்தகத்தில் அந்த இயலை முழுவதும் மாற்றி எழுதினேன். முடிவு சரியானது. ஆனால் எப்படிச் சரியானது என்பதை மட்டும் ஓர் அடிக்குறிப்புக்குள் வைத்தேன். அதை அப்படியே தருகிறேன்.

'கள உதவியாளர் கேள்வியை பேச்சுவழக்குக்கு மாற்றிக் கேட்டதால் முதற்கட்டப் பதிவுகளில் சில பிழைகள் நேர்ந்தன. அவை பின்னர்ச் சரிசெய்யப்பட்டன.'

இதில் 'சில' பொய். 'கள உதவியாளர்' என்பதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பக்க வடிவமைப்பை நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பதிப்பகம் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரே டிடிபி கடையில் கொடுத்தேன். கொடுக்கும்போது அந்தக் குறிப்பு நினைவில் இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே முழுதாக நம்பிக்கை இல்லை.

அவர் முடித்து அனுப்பினார். ஓர் எழுத்துத்தான் விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன் என்றார். இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துத் தேடினேன். அந்த அடிக்குறிப்பில் இருந்தது. 'கேள்வியை பேச்சுவழக்குக்கு' என்று நான் எழுதியிருந்தேன். ஒற்று இல்லை. அவர் ஒரு ப் போட்டிருந்தார். கேள்வியைப் பேச்சுவழக்குக்கு. வேறு எதையும் தொடவில்லை.

மறுநாள் ஆலங்காயம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தம்பியைத் தேநீர் வாங்கி வரச் சொன்னார். அச்செடுத்த பக்கங்களைப் புரட்டினோம். அந்தப் பக்கம் வந்ததும் அவர் விரல் கீழே வந்து நின்றது.

"அடிக்குறிப்புக்கு எட்டு பாயிண்ட் வெச்சிருக்கேன். பொடி எழுத்து. வேணும்னா பெருசாக்கறேன், சொல்லுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேலியா, கேள்வியா? கேள்விகள் கேட்டே ஒரு புத்தகம் எழுதியிருந்தேன்.

"இப்படியே இருக்கட்டும்க்கா" என்றேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

*

திங்கட்கிழமை அடக்கம். வாணியம்பாடியில் இறங்கி அடுத்த பேருந்து பிடித்தேன். ஆலங்காயத்தில் இறங்கியதும் எதிர்ச் சுவரில் அவர் படம். பூ வளையம், ஓரத்தில் சிலுவை, கீழே எரியும் மெழுகுவர்த்தி. அந்த வடிவம் அவருடையது. கணினியில் பெயரிடம் காலியாக வைத்திருப்பார். ஆரோக்கியம் அதைத் திறந்து அக்காவின் பெயரை அடித்திருக்கிறார். சுவரருகே நின்று எழுத்தெழுத்தாகப் படித்தேன். பிழை இல்லை.

சின்னப்பாப்பா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்து வெளிச்சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேதி வந்துச்சிம்மா" என்றார்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. ஏழாவது கேள்வி. அதன் இரண்டாம் பாதி.

"போன்ல போஸ்டரு வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு செத்தப்போ அவதான் அடிச்சிக் குடுத்தா. அதே மாதிரியே இருந்திச்சி. அவளேதான் அனுப்பிட்டாளோன்னு ஒரு நிமிசம் நெனச்சேன்."

முதன்முறையாக அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்தது. எழுதிக்கொள்ள என்னிடம் தாள் இல்லை.

*

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதிகம் இல்லை. பதிவுகளில் ஒரு குரல். ஜன்னலோர இருக்கை. நான் நிறுத்திய இடத்துக்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காது. தன்னைக் குற்றம் சொல்லும் வாக்கியத்தில், அது பிழையில்லாமல் இருக்கட்டும் என்று அவர் போட்ட ஒரு ப்.

செவ்வாய்க்கிழமை காலை பதிப்பகத்தை அழைத்து அச்சை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அடிக்குறிப்பை எடுத்தேன். முதல் இயலின் முதல் பக்கத்தில், மற்ற வரிகளின் அளவிலேயே, இப்படி எழுதினேன்: 'இந்த ஆய்வின் ஏழாவது கேள்வி தவறானது. அதைத் தமிழில் எழுதியவள் நான். தவறு என்று கேட்டறிந்து சொன்னவர் அருள்மேரி. இந்த நூலின் சரியான முடிவுகள் அவர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தவை.' அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்த்தேன்.

அனுப்புவதற்கு முன் ஒற்றுகளைச் சரிபார்த்தேன். இரண்டு இடங்களில் விட்டுப்போயிருந்தன. போட்டேன்.