பச்சை மைக் கையெழுத்து

என் தாய்மாமன் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். செய்த காரியம் அப்படி.

அப்பா திண்டிவனத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மூன்று வருஷம் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். அது அச்சாகி வந்ததும், விழுப்புரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த புத்தகக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், கூட்டம் வரும், வாசலில் மேசை போட்டுத் தருகிறேன், வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணான நானும் தொற்றிக்கொண்டேன். மாமாவும் கூட வந்தார், யாரும் கூப்பிடாமலே.

கூட்டம் வந்தது நிஜம்தான். எல்லாம் நோட்டும் சிலேட்டும் வாங்க வந்த கூட்டம். எங்கள் மேசைப் பக்கம் ஒரு ஈ காக்கை திரும்பவில்லை. ஒரு மகானுபாவர் அப்பாவின் புத்தக அடுக்கின் மேல் தன் குடையை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் அதைத் தள்ளிவிட்டேன். அப்பா எடுத்து, தூசி தட்டி, மறுபடி அங்கேயே வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா குந்திக்கினு இருந்தா எவன் வருவான், மாமா? நான் வரவழைக்கிறேன் பாருங்க" என்று அப்பாவிடம் சொன்ன என் மாமா, அவர் பேனாவை வாங்கிக்கொண்டு கடைக்குள் போனார். நீல மையைக் கொட்டிவிட்டுப் பச்சை மை நிரப்பிக் கொண்டுவந்தார். எல்லாப் புத்தகத்திலும் இப்போதே கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்றார். நிறம் நன்றாக இருக்கிறதே என்று அப்பா சிரித்துக்கொண்டே போட ஆரம்பித்தார். வெள்ளை மனசு. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் பெரிய ஆபீசர் என்பது தாலுகா ஆபீசைச் சுற்றுகிற எவருக்கும் தெரியும். மாமாவுக்கு நன்றாகவே தெரியும்.

கால் மணி நேரத்தில் மேசை முன்னால் வரிசை நின்றது. எல்லார் கையிலும் சர்டிபிகேட், மனு, விண்ணப்பம். அத்தாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்! அப்பா எழுந்து கைகூப்பி, நான் ஆபீசர் இல்லை, கதை எழுதுகிறவன் என்றார். முனகிக்கொண்டே கலைந்தார்கள். மாமாவை டீக்கடைப் பக்கம்கூடக் காணோம்.

வளவனூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் மட்டும் நகரவில்லை. "ஆபீசரு இல்லன்னா போவுது. எழுதறவருதான நீங்க? எனக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க, சாமி" என்றாள். குடும்பத்துப் பொதுக் கிணற்றில் கொழுந்தன் அவளை வயலுக்கு இறைக்க விடவில்லையாம். அப்பா கடைக்காரரிடம் நீல மைப் பேனா இரவல் வாங்கினார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றபடி கேட்டுக் கேட்டு எழுதினார். பிறகு படித்துக் காட்டினார். 'கண்ணெதிரே தண்ணீர் கிடக்க என் நாற்று கருகுகிறது' என்ற இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தபா படிங்க" என்றாள். படித்தார். இன்னொரு தபா என்றாள். அதையும் படித்தார். கிணற்று மனுவுக்கு மூன்று தபா! மூன்று வருஷம் கண்விழித்து எழுதிய நாவலில் ஒரு வரி கேட்க ஊரில் ஆள் இல்லை. அவளாவது ஒரு புத்தகம் வாங்கினாளா? தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அத்தனை புத்தகங்களும் அப்பா மடியில் இருந்தன. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "மூணு தபா படிக்க வெச்சாங்கம்மா" என்றார்.

பாவம், அப்பாவுக்கும் பொறுக்கவில்லை என்று நினைத்து, "ஆமாம்ப்பா, என்னா அநியாயம்" என்றேன்.