துறை எண் இரண்டு

ஃபுவாதினோ எங்கள் தீவின் அப்பியா துறைமுகத்தில் சீட்டு கொடுப்பவள். நிரல் எழுதக் கற்றது மதிய இடைவேளைகளில், ஒரு கையில் தேங்காய்ப்பால் பன்னோடு. கப்பல் சீட்டுக்கான இணையப் பக்கத்தைத் தனியாளாகக் கட்டினாள். கப்பலின் பெயரை அழுத்தினால், இணைப்பின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பின்னால் அந்தக் கப்பலின் எண் ஒட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். சர்வர் அதைப் படித்து இருக்கைகளைக் காட்டும்.

"நோட்டுல சீட்டு எழுதினா கரண்டே வேணாம். ஒரு தடவை சொதப்பு, மறுபடியும் நோட்டுதான்" என்றார் மேலாளர் இயோவானே.

பக்கத்துத் தீவின் பாகோ பாகோவில் கப்பலேறுபவர்களுக்கும் அந்த வாரம்தான் பக்கத்தைத் திறந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கிருந்து அகெனேசே கூப்பிட்டாள். பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிற்றுக்கு எங்கள் தேவாலயத்தில் பாட இருபத்துமூன்று பிள்ளைகளைக் கூட்டி வருபவள். பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் ஃபுவாதினோவின் அருகில் நின்றேன்.

"ஏண்டி ஃபுவா, கப்பல் நேத்தே போயிடுச்சுங்குது உன் பக்கம். இங்க என் மூக்குக்கு நேரா நிக்குது! கேப்டன் கோக்கோ குடிச்சிக்கிட்டே கை காட்டுறாரு. சீட்டு இல்லாம ஏத்த மாட்டாங்களாம். நாலு மணிக்குக் கெளம்புது."

"அக்கா, அங்க இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். இதென்ன கேள்வி?"

ஃபுவாதினோ தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு தீவுக்கும் நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு. இரண்டு இடத்திலும் ஒரே மணிதான், ஆனால் பாகோவில் கிழமை ஒரு நாள் பின்னால். இணைப்பு கப்பல் எண்ணை மட்டும் கொண்டுபோனது. கிழமையைச் சர்வர் அப்பியாவின் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டது.

"நோட்டை எடுக்கட்டுமா?" என்றார் இயோவானே.

"நோட்டுலயும் வெள்ளின்னுதான் எழுதுவீங்க. தள்ளுங்க."

கப்பல் எண்ணை அடுத்து இணைப்பில் இன்னொன்றைச் சேர்த்தாள்: துறை. அப்பியா ஒன்று, பாகோ இரண்டு. இரண்டு என்று வந்தால் ஒரு நாள் குறை என்று நிரலில் மூன்று வரிகள். முதல் முறை பக்கம் வெறுமையாக வந்தது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. மூன்றே காலுக்குப் புதிய இணைப்பை அகெனேசேயின் கைப்பேசிக்கு அனுப்பினாள்.

மறுமுனையில் பிள்ளைகளின் கத்தல். பிறகு அகெனேசே: "இருபத்துமூணு சீட்டும் வந்திடுச்சு. எனக்கும் ஒண்ணு போடுடி, நீந்தியா வருவேன்?"

ஞாயிறு காலை வெள்ளை உடுப்பில் அவர்கள் பாடினார்கள். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபுவாதினோ விரல்விட்டுத் தலைகளை எண்ணினாள். இருபத்துமூன்று. பக்கத்தில் இருந்த இயோவானே, தன் பின்னால் இருந்தவரிடம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "எங்க ஆபீஸ் பொண்ணு."