வாத்துக் கழுத்து வாங்கப் போனவன்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், பெர்தொனே தெருவிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைப்பவர் அவர். ஒல்லியான உடம்பு, வயதுக்கு முன்னதாகவே நரைத்த தாடி. எதைத் தொடுவதானாலும் முதலில் ஈரக் கையை நன்றாகத் துடைத்துக்கொள்வார்.

அலுவலக வேலையாகச் சீனா போய்த் திரும்பியிருந்த நான், குவாங்சோ தெருக்களில் எடுத்த வீடியோவை நண்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். குச்சியில் செருகிய பட்டுப்புழு, மிளகாயில் புரட்டிய வாத்துக் கழுத்து. நாங்கள் முகம் சுளித்துச் சிரித்தபோது அவர் அருகில் வந்து நின்றார்.

"அண்ணை, அதை இன்னொருக்கா காட்டுவீங்களோ?"

கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கிக்கொண்டார்.

"இஞ்சை வரேக்கை, களவா ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் எங்களை அங்கைதான் வைச்சிருந்தவன். என்ரை தம்பிக்கு வாத்துக் கழுத்தெண்டா உயிர். ஒருநாள் வாங்கப் போனவன், திரும்பி வரேல்லை."

"தேடலையா?"

"தேடினன். பிறகு ஏஜென்சிக்காரன் நிக்க விடேல்லை."

உணவுக்குப் பின்னால் நடந்துபோன மனிதர்களையே அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அடுத்தமுறை போனா, சாப்பாட்டை விட்டிட்டு ஆக்களை எடுங்கோ அண்ணை."

"தம்பி எப்படி இருப்பார்?"

"என்னைப் போலத்தான்."

அதன்பிறகு இருமுறை குவாங்சோ போனேன். கடைக்காரர்கள் தட்டை நீட்டிக் கூப்பிட, கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டே அவருடைய முகத்தைத் தேடி நடந்தேன். திரும்பி வந்து காட்டியபோது, இருமுறையும் கடைசிவரை பார்த்தார்.

"பெரிய உதவி அண்ணை" என்றார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.