அண்ணி தலை வைத்த திசை

என் அண்ணி தெய்வநாயகி இருமினால் குமாரபாளையத்தில் எங்கள் தெருவே வைத்தியம் சொல்லும். விசைத்தறிச் சத்தத்தை மீறி அது எப்படித்தான் அவர்கள் காதில் விழுமோ. 1981 தையில் இருமலோடு ரத்தமும் வந்தது. முன்னொரு காலத்தில் காசநோய் கண்டு, ஊசி போட்டுக் குணமானவர் அண்ணி. "பழசு திரும்பிருச்சு" என்றார்கள் சிலர். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் புற்று என்று அடித்தே சொன்னாள். அவள் வாயில் கொள்ளியை வைக்க.

அண்ணன் குழந்தைவேலும் நானும் அண்ணியைச் சேலத்துக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளை உருண்டை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே பேசினார்.

"பழைய நோய் ஒரு குழியை விட்டுட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள பூஞ்சை உருண்டையா வளர்ந்திருக்கலாம். புற்றாவும் இருக்கலாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு இன்னொரு படம் எடுக்கணும். பூஞ்சைன்னா குழிக்குள்ள உருளும், புற்று நகராது. வலது பக்கம் கீழே இருக்கட்டும். ரத்தம் வந்தா நல்ல நுரையீரலுக்குள்ள இறங்கிடக் கூடாது."

எக்ஸ்ரே எடுக்கும் வீரபாகு மேசையில் ஏறச் சொன்னார். சுவரை ஒட்டிய மேசை, தலையணை வடக்கே. அண்ணி ஜன்னல் வெயிலைப் பார்த்துத் திசையைக் கணக்குப் போட்டார். ஏறவில்லை.

"வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வெச்சுப் படுக்கக் கூடாதுங்க. அப்படிப் படுத்தா நான் ஊடு திரும்ப மாட்டேனுங்க."

"ஏம்புள்ள, இங்க வந்துமா?" என்று சீறிய அண்ணன், அண்ணியின் முந்தானையில் புதுச் சிவப்பைக் கண்டதும் அடங்கிப்போனார். நானும் திசை பார்த்துப் பாய் விரிக்கிறவள்தான்.

"சரிங்க, தெக்கேயே தலை வெச்சுக்கங்க. மூஞ்சி மட்டும் இந்தப் பக்கம் பாத்து இருக்கோணும்" என்று வீரபாகு தலையணையை மாற்றிப் போட்டார். முகம் அதே பக்கம் இருக்கத் தலை மட்டும் மாறினால் கீழே போகும் பக்கமும் மாறிவிடும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எங்களை வெளியே நிறுத்திப் படம் எடுத்தார். எடுத்து முடித்தாரோ இல்லையோ, புரையேறியது போல இருமல். உள்ளே ஓடினோம். அண்ணியின் வாயெல்லாம் ரத்தம், முகம் நீலம் பாரித்திருந்தது.

பின்னாலேயே வந்த டாக்டர், "இடது பக்கமா படுக்க வச்சிருக்கீங்க? திருப்புங்க" என்றார்.

இருந்த இடத்திலேயே புரட்டினால் முகம் சுவரில் முட்டும், துப்ப இடமில்லை. அண்ணன் தோளைப் பிடிக்க, வீரபாகு காலைப் பிடிக்க, ஆளையே முழுதாகச் சுழற்றினார்கள். வலப்பக்கம் கீழே வந்தது. தலை வடக்கே போனது. நான் அண்ணியின் வாய்க்குக் கீழே ஒரு பேசினை ஏந்திக்கொண்டு மாரியாத்தாளைக் கெஞ்சினேன், திட்டவும் திட்டினேன். மெல்ல மெல்ல ரத்தம் குறைந்து மூச்சு சீரானது.

அண்ணி கண் திறந்ததும் கேட்டது ஒன்றுதான். "எந்தப் பக்கமுங்க தலை?"

"தெக்குத்தான்" என்றார் அண்ணன்.

பொய் சொல்லத் தெரியாததால் வியாபாரத்திலேயே தோற்ற மனிதர் அவர். நான் குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது உருண்டை குழியின் மறுபக்கத்துக்கு உருண்டிருந்தது. பூஞ்சைதான். ஆனாலும் ரத்தம் மறுபடி வரலாம், அந்தப் பகுதியை அறுத்து எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் எங்களை இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஆபரேஷன் அறை வாசலில் அண்ணி தள்ளுவண்டியை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்க, உள்ளே மேசை எந்தத் திசையில கெடக்குது?"

அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தெக்குத்தான்."

"அன்னைக்கும் தெக்குன்னுதானுங்க சொன்னீங்க" என்ற அண்ணி, அவர் கையை ஒருதரம் அழுத்தினார். "சரி, போயிட்டு வாரேன்."

சொன்னபடியே வந்தும் சேர்ந்தார்.