கோரஸ்காரி தன் பாட்டைத் தெரிந்தெடுத்த கதை

கோரஸ் பாடுவது ஒரு விசித்திரமான தொழில். நன்றாகப் பாடினால் நாங்கள் அங்கே நிற்பதே ஒருவருக்கும் தெரியாது. பிழை விட்டால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனாலோ என்னவோ, இந்தக் கதையையும் எங்கேயாவது பிழையாகச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். பின்னால் வரவேண்டியதை முன்னால் சொல்லிவிடுவேனோ? யாராவது மனம் நோவார்களோ? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் பின் மைக்கில் நின்று கால் வலித்த சகோதரிகளே, பேர் போடாத பாட்டுகளில் பாதி ஆயுளைப் பாடித் தீர்த்தவர்களே, உங்களுக்கு விளங்கும்.

கழுத்தில் ஒரு கட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சேகர் என்பவரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் நானும் கிறேஸும் பல வருடங்களாகக் கோரஸ் பாடுகிறோம். கிறேஸ் மெதடிஸ்த சபைக்காரி. ஆனாலும் வலிகாமத்துப் பிள்ளையார்களில் பாதிப் பேரை அவள் பாடியிருப்பாள். யேசு பிறந்த நத்தார் வந்தால் நான் அவளுடைய ஆட்களுக்குப் பாடுவேன்.

இந்த வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட், பயப்பட ஒன்றுமில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். கதவு வரைக்கும் போன பிறகு, குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம் என்றார். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவர் இவரிடம் கேட்டேன். பாவம், மனிசனுக்கு என்ன தெரியும்? அடுத்த நாள் சேகரிடம் சொன்னேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னம் உங்கடை பேரிலை ஒண்டு பதிவம். ஒரு பாட்டோ, அஞ்சு பாட்டோ, முழு இறுவட்டோ, வீடியோவோ, எது வேணும் எண்டு மட்டும் நீங்கள் சொல்லுங்கோ.”

முழு இறுவட்டு

எது வேண்டும் என்று சொல்வது லேசான காரியமா? ஒவ்வொன்றும் கடைசியில் என்னவாகும் என்று பார்த்தவள் நான். தென்மராட்சியில் ஒரு கோயிலுக்குப் பன்னிரண்டு பாட்டில் இறுவட்டு, அதுதான் சீடி, போட்டார்கள். பன்னிரண்டுக்கும் நாங்கள்தான் கோரஸ். தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் வெளியீடு. வாழ்த்துரை, சிறப்புரை, முதல் பிரதி, இரண்டாம் பிரதி எல்லாம் முடிந்து எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். போட்டுக் கேட்க ஒருவர் வீட்டிலும் பெட்டி இல்லை என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலும்தான் இல்லை.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போனேன். வழியில் ஒரு மாதுளைத் தோட்டம். மரத்துக்கு மரம் நூலில் கட்டி அந்த இறுவட்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டு ஆடின. தோட்டக்காரர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். அவை பாட்டு இறுவட்டுகள் அல்லவா என்று மெல்லக் கேட்டேன். மனிசன் சந்தோஷமாகத் தலையாட்டினார்: “ஓம் பிள்ளை, நல்ல இறுவட்டு. உது தொங்கின நாளிலையிருந்து ஒரு கிளி கிட்ட வரேல்லை.”

ஒரே ஒரு பாட்டு

நெல்லியடியிலிருந்து ஒரு பொடியன் வந்து ஒரே ஒரு காதல் பாட்டுப் பாடி இணையத்தில் விட்டான். நல்ல குரல். ஆனால் ஒரு பாட்டைக் கேட்டவர்கள் மற்றது எங்கே என்று கேட்டார்கள். கேட்காதவர்கள் அதையும் கேட்கவில்லை. அடுத்த முறை தாயோடு வந்தான். கதிரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு, இனிப் பாடுவதில்லை, ஒருவரும் கேட்கவில்லை என்றான். அவனுக்கு இன்னும் எத்தனையோ பாட்டு இருக்கிறது. எனக்கு ஒன்றுதான் என்றால், அந்த ஒன்றும் இப்படிப் போனால்?

தாய் விடவில்லை. “ஆர் சொன்னது ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு? நான் தேங்காய் திருவேக்கையும் அதைத்தான் போடுறனான். எங்கடை மாடும் இப்ப அதைக் கேட்டால்தான் பால் விடுது.”

வீடியோ

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிரிவைப் பற்றிய பாட்டை வீடியோவாக எடுக்க விரும்பினார். தொண்டைமானாற்றில் கரையோரம் எங்களையும் நிறுத்தினார்கள். முழங்கால் வரை தண்ணீர். காற்று சீலையைப் பிடித்து இழுக்கிறது. போனில் பாட்டு மெல்லப் போகிறது; நாங்கள் வாயை அசைத்தபடி, தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டி அழவேண்டும். எனக்கு வழுக்கி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் உண்மையாகவே கண்ணீர் வந்தது. அருமை, அருமை என்றார் கமராக்காரர்.

அப்போது வலையிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுத் தண்ணீரை உழக்கிக்கொண்டு ஓடி வந்தார். சட்டையைக் கழற்றியபடியே கேட்டார்: “அழாதையுங்கோ தங்கச்சி! ஆர் விழுந்தது? எந்தப் பக்கம்?”

ஐந்து பாட்டு

அதிகமும் இல்லை, குறைவும் இல்லை என்று ஐந்து பாட்டில் மனதைப் போட்டேன். பக்திப் பாட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். முதல் பாட்டு எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குத்தானே என்றார் இவர். கனடாவிலிருந்து அண்ணை போன் எடுத்து, பிறந்த ஊர் அம்மனை இரண்டாவதாக வைக்க எப்படி மனம் வந்தது என்று கேட்டார். தொண்டைமானாற்று முருகனுக்கோ கழுத்துக்காக நேர்த்திக்கடனே வைத்திருந்தேன். கத்திக்குக் கழுத்தைக் கொடுக்கப் போகும் நேரத்தில் ஒரு தெய்வத்தையாவது பகைக்கலாமா? வரிசையை மாற்றி மாற்றி யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் கட்டியால்தானோ என்று வேறு பயம்.

கிறேஸ் பால் விடாத பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “எங்கடை யேசுவை நீ கடைசிப் பாட்டிலை வைச்சாலும் அவர் கோவிக்கமாட்டார், தவம். ஆனால் எங்கடை மாமி கோவிப்பா.”

முன் மைக்

கடைசியில் சேகர்தான் வழி சொன்னார். கோயிலும் வேண்டாம், ஊரும் வேண்டாம், மழைக்கு ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றார். முற்றத்தில் மிளகாய் காய்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, ஓடி வந்து அள்ளுங்கள் என்று ஒரு பெண் அயலைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. மழை எல்லாருடைய மிளகாயையும் நனைக்கும். யாரும் கோபிக்க இடமில்லை. ஒரே பாட்டு, வீடியோ இல்லை.

ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு இரண்டு நாள் முன்னர் பாடப் போனேன். சேகர் இசையை ஓடவிட்டார். என் குரல் அவருக்குத் தூரத்திலிருந்து கேட்டதாம். பார்த்தால், நான் பழக்கத்தில் பின் மைக்குக்குப் போய் நின்றிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சேகர் சொன்னார்: “முன்னுக்கு வாங்கோ அக்கா. இண்டைக்கு அந்த மைக் உங்களுக்குத்தான்.”

இரண்டு குரல்

பாடி முடித்ததும், நான் வந்து சொல்லும்வரை அதை வெளியே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பேச்சு வராமல் கிடக்கும்போது என் பாட்டு ஊரில் ஓடினால் எனக்கு என்னவோபோல இருக்கும். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரம் காற்று மட்டும்தான் வந்தது. வீடு இவ்வளவு அமைதியாகக் கிடக்கத் தனக்குப் பயமாக இருக்கிறது என்று இவர் சொன்னபோது, எனக்குத் திருப்பி ஏசக்கூட முடியவில்லை.

பிறகு குரல் வந்தது. ஆனால் கொஞ்சம் கீழே, கொஞ்சம் கரகரத்து. யாரோ அக்காக்காரி வந்து என் தொண்டையில் குடியிருப்பது போல. சேகர் பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அதை வெளியே விட்டால், மேடையில் பாடக் கூப்பிட்டு ஏமாந்துபோவார்கள். புதுக் குரலில் பாடி விட்டால், ஐயோ பாவம், குரல் போய்விட்டது என்பார்கள். எதைச் செய்தாலும் பயம். அதனால் இரண்டையும் செய்தேன்: புதுக் குரலில் முன்னால் நின்று பாடினேன், பழைய குரலை எடுத்துப் பின்னால் கோரஸாக வைக்கச் சொன்னேன். சேர்த்துக் கேட்டபோது கிறேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு அடி அடித்தாள்: “எடியே, என்ரை இடத்தையும் நீயே பிடிச்சிட்டியே!”

ஆகவே சகோதரிகளே, என் பழைய குரல் எங்கே போனது என்று இனி யாராவது கவலைப்பட்டுக் கேட்டால், எங்கும் போகவில்லை, வழக்கம்போலப் பின்னாலேதான் நிற்கிறது என்று பயமில்லாமல் சொல்லலாம்.