ஈயத்துக்கு வாழைப்பழம்

தண்டையார்பேட்டையில் அண்ணன் வேலை பார்த்த கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். உருகும்போது அழகாயிருக்கும், நிலாவைத் தரையில் கொட்டினாற்போல. அந்தப் புகையை அவன் மூச்சாய் இழுத்தான், தூசியைச் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுவந்தான், நான் துவைத்தேன். சாயங்காலம் ஆளுக்கொரு வாழைப்பழமும் அச்சு வெல்லமும் தருவார்கள். வெல்லம் தொண்டைத் தூசியைக் கீழே இறக்குமாம், பழம் வெளியே தள்ளுமாம். முதலாளி சொன்னார், கொட்டகை நம்பியது, நாங்களும் நம்பினோம். முகமூடியைவிடப் பழம் மலிவென்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் கால் கட்டைவிரல் கத்தரிக்காயாய் வீங்கியது. போர்வை பட்டாலே அலறுவான்.

"இன்னா நைனா, கறி துன்ற பணக்காரன் வியாதி வந்துகீது?" என்று கூட வேலை செய்தவர்கள் கலாய்த்தார்கள். "வாரம் பூரா ரசஞ்சோறு துன்றவனுக்கு எப்டி மாமு இது?"

பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முகம் வெளுத்தது, இமைகள் உப்பின. சோற்றைத் தள்ளினான், காசைச் சப்புகிற ருசி என்றான். தூசி நிறையப் போய்விட்டது என்று அம்மாவே முடிவு கட்டினாள். கொட்டகையில் ஒன்றென்றால் வீட்டில் மூன்று. அண்ணி வாங்கிவந்த பழத்தைப் பிசைந்து, வெல்லம் தூவி, ஊட்டியே விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிடுச்சும்மா. ஈயம் வருஷக்கணக்கா உள்ள போயிருக்கு. கழிவு வெளிய போகாம மூட்டுல தங்கித்தான் கால் வீங்குது," என்றார் டாக்டர். "என்ன சாப்பிடுறாரு?"

அம்மா பெருமையாகவே சொன்னாள்.

"கெட்டுப்போன கிட்னிக்கு அவ்ளோ வாழைப்பழம் விஷம். அதுல இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல ஏறினா இதயமே நின்னுடும்."

"ஈயத்த எறக்கத்தானே சார் குட்த்தேன்?"

"பழத்துக்கெல்லாம் அது எறங்காது. எலும்புல போய் உக்காந்துக்கும்."

பஸ்ஸில் அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மிஷினில் ரத்தத்தைக் கழுவினார்கள், உடம்பு தாங்கிய வரை. அடுத்த மழைக்கு அவன் இல்லை.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது ரோஜா மாலையோடு முதலாளி வந்தார்.

"நல்ல புள்ள. குடியக் கொஞ்சம் கொறச்சிகினு இருக்கலாம்."

டீயைத் தவிர எதையும் தொடாதவன் என் அண்ணன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி, "ஆமா மொதலாளி," என்றாள், தலையைக் குனிந்துகொண்டே.

கொட்டகையில் அண்ணனின் இடத்தைத் தன் தம்பிக்குத் தரச்சொல்லி அவள் காலையிலேயே முதலாளியிடம் ஆளனுப்பியிருந்தாள்.